குசினிக்கு எந்த மெஷின் வாங்கலாம், எதை விடலாம்? (கொழும்பு பிளாட், இரண்டு பேர்)

புதுக்குடித்தனம் | 2025 யூன் 14, இரவு 9.10

இரண்டு பேர். வெள்ளவத்தை, கடல்பக்கத்து பிளாட், மூன்றாம் மாடி. குசினித் தட்டு நாலரை அடி நீளம், பிளக் பொயின்ற் இரண்டே இரண்டு. கேத்தல், ரைஸ் குக்கர், கிரைண்டர் (மிக்சி), பிளெண்டர், டோஸ்டர், மைக்ரோவேவ், எயார் பிரையர், இண்டக்சன் அடுப்பு, தோசைமா அரைக்கிற கல் கிரைண்டர் என்று பட்டியல் நீளுது. எயார் பிரையர் ஒன்று இருந்தால் இதில் பாதி தேவையில்லை என்கிறார்கள். நேற்று முன்தினம், 12ஆம் திகதியில் இருந்து கரண்ட் கட்டணமும் 15 சதவீதம் கூடிவிட்டது. எதை முதலில் வாங்குவது, எதை வாங்கவே கூடாது?

திருத்துகடை | யூன் 14, இரவு 9.48

தங்கச்சி, குசினி மெஷின் ரெண்டே சாதி. சுத்துறது, சூடாக்கிறது. காசை சுத்துறதில போடுங்கோ. சூடாக்கிறதுக்குள்ள ஒரு எலிமெண்டும் (சூடாகிற கம்பி) ஒரு தெர்மோஸ்டாட்டும் (சூட்டைப் பாத்து நிப்பாட்டுறது)தான் இருக்கு. அதில வயரின் தடிப்பையும் பிளக்கையும் பாத்தால் போதும்.

முதல் கிரைண்டர், 750 வாட், மூண்டு ஜார். அடுத்தது ரைஸ் குக்கர், பிறகு கேத்தல். மூண்டு மாசம் இதோட சமையுங்கோ. அதுக்குப் பிறகும் கை தேடுற சாமானைப் பற்றிக் கதைப்பம்.

பிளெண்டர் வேண்டாம். கிரைண்டரின் பெரிய ஜார் அந்த வேலை முழுக்கச் செய்யும். டோஸ்டரும் வேண்டாம், கையால வெட்டின பாண் அதின்ர வாய்க்குள்ள போகாது. தோசைக்கல் இருக்குத்தானே.

தோசைமா | யூன் 14, இரவு 10.05

கல் கிரைண்டரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே அண்ணை?

திருத்துகடை | யூன் 14, இரவு 10.09

ரெண்டு பேருக்கு கல் கிரைண்டரோ? பதினைஞ்சு கிலோ கிட்ட வரும். நாலரை அடித் தட்டில அதை வைச்சால் மரக்கறி வெட்டுறது மடியிலதான்.

கணக்குப்பிள்ளை | யூன் 15, காலை 6.40

கட்டணம் பற்றிக் கேட்டதால் யூனிட் கணக்கு.

கேத்தல்: ஒரு லீற்றர் தண்ணீரை 28 பாகையில் இருந்து கொதிக்க வைக்க 0.084 யூனிட் வெப்பம் வேண்டும். இழப்புச் சேர்த்து 0.1 என்று வையுங்கள். 2200 வாட் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது எரிவது இரண்டரை, மூன்று நிமிடம். செலவு கூடுவது ஒரு கோப்பைத் தேநீருக்கு 1.7 லீற்றர் நிரப்புவதால்தான்.

ரைஸ் குக்கர்: இரண்டு பேருக்குரிய அரிசிக்கு 0.2 யூனிட் அளவில் முடிந்துவிடும். ஆனால் சோறு ஆனபின் சுவிட்சை அணைக்காமல் ‘வோர்ம்’ இல் விட்டால் 40 வாட் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஆக்கி மாலை வரை பத்து மணித்தியாலம் விட்டால் 0.4 யூனிட், அதாவது சமைத்ததைப்போல இரண்டு மடங்கு.

எயார் பிரையர்: 1500 வாட், 20 நிமிடம், மேல்வரம்பு 0.5. தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு எரிவதால் நடைமுறையில் 0.35, 0.4.

கிரைண்டர் ஐந்து நிமிடம் ஓடினால் 0.06. கல் கிரைண்டர் 150 வாட், அரை மணித்தியாலம், 0.075. சுத்துகிற சாமான் எதுவும் பில்லில் தெரியாது.

மற்றது, மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் 60 யூனிட்டுக்கும் வேறு விலை, நிலைக்கட்டணமும் வேறு. பிரிஜ், பான், லைட் எல்லாம் போக அந்தக் கோட்டுக்குக் கிட்ட நிற்கிற வீடென்றால் வோர்ம் சுவிட்ச் ஒன்றே உங்களைக் கோட்டுக்கு அங்கால் தள்ளும்.

தோசைமா | யூன் 15, காலை 8.15

எயார் பிரையர் கதைக்கு வாறன். அது ஒரு சின்ன அவண், காத்தாடி கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். அதுக்குள்ள எண்ணெய்ச்சட்டியைத் தேடினால் ஏமாற்றம்.

நல்லா வாறது: கட்லட், ரோல்ஸ் (வெளியில ரஸ்க்தூள் இருக்கிறதால, கொஞ்சம் எண்ணெய் தடவ வேணும்), மசாலா பிரட்டின கோழிக்கால், மீன் துண்டு, நேற்றைய பட்டிஸைத் திரும்ப மொறுமொறுப்பாக்கிறது. கடைசி வேலைக்கு மைக்ரோவேவ் கிட்டயும் வராது.

வராதது: உழுந்துவடை. மா இறுக முதல் காத்து அதை இழுத்து வழிய விடும், தட்டின ஓட்டையால கீழ இறங்கி ஒட்டிக்கொள்ளும். பஜ்ஜியும் அப்பிடித்தான், ஈரமா எல்லாத்துக்கும் இதுதான் கதி. பருப்புவடை இறுக்கமாத் தட்டி, ரெண்டு பக்கமும் எண்ணெய் பூசி, 180இல 15 நிமிசம் வைச்சுப் பாதியில திருப்பினால் தின்னலாம், ஆனா வடை எண்டு சொல்லிக் குடுக்காதேங்கோ.

அப்பளம், மோர்மிளகாய் போடவே கூடாது. பாரமில்லாததைக் காத்துத் தூக்கி மேல இருக்கிற எலிமெண்டில ஒட்ட வைக்கும். அது கருகிப் புகைக்கும். கருவாடு பொரிச்சால் அந்த வாசம் காத்தாடிக்குப் பின்னால போய்க் குடியிருக்கும். கூடையைக் கழுவலாம், காத்தாடியைக் கழுவ ஏலாது.

ரெண்டு பேருக்கு 4 லீற்றர் போதும். அஞ்சு பேர் வீட்டில ரெண்டு தரம் போட வேணும், அப்ப கரண்டும் ரெண்டு மடங்கு.

திருத்துகடை | யூன் 15, காலை 8.31

கூடைக்குள்ள இரும்புக் கரண்டி விடுற ஆக்களுக்கு எயார் பிரையர் விக்கக் கூடாது எண்டு சட்டம் வரவேணும். பூச்சு உரிஞ்சால் கூடையை மாத்தத்தான் வேணும், அந்த மொடலுக்குத் தனிக்கூடை கிடைக்காட்டி முழு மெஷினும் குப்பை. வாங்க முதல் “கூடை தனியா இருக்கோ” எண்டு கடையில கேளுங்கோ. முழிச்சினம் எண்டால் விட்டிட்டு வாங்கோ.

வயரிங் கொழும்பு13 | யூன் 15, பகல் 12.20

யாரும் பொயின்றைப் பற்றிக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அந்த இரண்டு பொயின்றும் சதுரமுள்ளா, வட்டமுள்ளா?

புதுக்குடித்தனம் | யூன் 15, மாலை 6.02

ஒன்று சதுரம், மற்றது சின்ன வட்டம் மூன்று ஓட்டை. அடப்டர் போட்டுப் பாவிக்கலாம்தானே?

வயரிங் கொழும்பு13 | யூன் 15, மாலை 6.30

சின்ன வட்டம் என்றால் 5 அம்பியர். 230 ஆல் பெருக்கினால் 1150 வாட். கிரைண்டர், ரைஸ் குக்கர் போடலாம். கேத்தல் போட்டால் 9.6 அம்பியர் இழுக்கும். அடப்டர் உள்ளே நுழைவதால் வயர் தடிப்பதில்லை. முதல் மாதம் ஒன்றும் தெரியாது, பிறகு பொயின்ற் மஞ்சளாகும், அதற்கு அடுத்தது மீன்வாசம் போல ஒன்று வரும். அது பிளாஸ்டிக் வேகிற வாசம்.

பெரிய வட்டம் 15 அம்பியர், அதில் கேத்தல் பிரச்சினை இல்லை. இப்போது நாட்டின் தரம் 13 அம்பியர் சதுரமுள். வீட்டுக்காரரிடம் கேட்டு அந்த 5ஐச் சதுரமாக மாற்றுங்கள், ஆனால் முகத்தை மட்டும் மாற்ற விடவேண்டாம். உள்ளே வருவது லைட்டுக்கான மெல்லிய வயரா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். லைட் வயரில் சதுரமுள் பூட்டுவது வட்டத்தில் அடப்டர் போடுவதைவிட மோசம், ஏனென்றால் அடுத்த குடி அதை நம்பிவிடும்.

இன்னொன்று. சதுரப் பொயின்றின் மேல் ஓட்டையில் பேனை முனையை விட்டுத் திறந்து, இரண்டுமுள் பிளக்கைச் செருகுகிற பழக்கம் இந்த ஊர் முழுக்க இருக்கிறது. முள் சரியாகப் பிடிக்காது, பிடிக்காத இடத்தில் சூடு. ஏர்த்தும் இல்லை. உடம்பு உலோகமான கேத்தலுக்கு அப்படிச் செய்யவே கூடாது.

கணக்குப்பிள்ளை | யூன் 15, இரவு 7.55

மெயினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பு வழக்கமாக 30 அம்பியர், 6900 வாட். இண்டக்சன் 2000, கேத்தல் 2200, மைக்ரோவேவ் 1100, இஸ்திரிப்பெட்டி 1000. காலை ஏழு மணிக்கு நாலும் சேர்ந்தால் 6300. ஏசியோ சுடுநீர் ஹீட்டரோ ஓடினால் தாண்டியாயிற்று. இண்டக்சனும் கேத்தலும் ஒரே மல்டி பிளக்கில் என்றால் 18 அம்பியர், 13 அம்பியர் பியூஸ் அதற்கு உடனே போகாது, பிளக்கும் பொயின்றும்தான் சூடேறும்.

தோசைமா | யூன் 15, இரவு 8.20

மைக்ரோவேவ் 700 வாட் எண்டுதானே பெட்டியில போடுறான்?

கணக்குப்பிள்ளை | யூன் 15, இரவு 8.26

700 என்பது சாப்பாட்டுக்குள் போவது. சுவரில் இருந்து இழுப்பது 1100க்குக் கிட்ட. பின்பக்கத் தகட்டில் இரண்டும் எழுதியிருக்கும். மின்பில்லுக்கும் பொயின்றுக்கும் பெரிய எண்ணைப் பாருங்கள்.

புதுக்குடித்தனம் | யூன் 16, இரவு 9.30

அப்போ இண்டக்சன்? 2022இல் காஸ் வரிசையைப் பார்த்த பயம் இன்னும் போகவில்லை, ஒன்று கட்டாயம் இருக்கட்டும் என்று மாமி சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை | யூன் 16, இரவு 10.10

அதே 2022இல், மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டும் இல்லை. ஒன்றுக்கு ஒன்று காவல் என்று இரண்டையும் வைத்திருக்கலாம், ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. மாமி சொல்வது அந்த அளவுக்குச் சரி.

செலவைப் பார்க்க ஒரு வழி. ஒரு கிலோ காஸில் ஏறத்தாழ 12.8 யூனிட் வெப்பம். 12.5 கிலோ சிலிண்டரில் 160. காஸ் அடுப்பில் சட்டிக்குள் போவது பாதி, நல்ல பேர்னர் என்றால் பாதிக்குச் சற்று மேல். மிச்சம் குசினிக்கும் உங்களுக்கும். ஆகவே 80இல் இருந்து 88. இண்டக்சனில் 85 சதவீதம் சட்டிக்குள் போகும். அதே சமையலுக்கு 94இல் இருந்து 104 யூனிட் வேண்டும். சுருக்கமாக, ஒரு சிலிண்டருக்கு 100 யூனிட்.

அந்த 100ஐ உங்கள் பில்லின் கடைசிப் படியில் உள்ள விலையால் பெருக்கி, சிலிண்டர் விலையோடு வையுங்கள். சராசரி விலையால் பெருக்க வேண்டாம். புதிதாகக் கூடுகிற யூனிட் எல்லாம் கடைசிப் படியில்தான் ஏறும். கட்டணம் மாறும்போதெல்லாம் இந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் திரும்பப் போடலாம்.

திருத்துகடை | யூன் 16, இரவு 10.42

இண்டக்சனுக்கு மண்சட்டி சரிவராது, அலுமினியமும் சரிவராது. பிரிஜ்ஜில ஒட்டுற காந்தத்தை எடுத்துச் சட்டி அடியில வையுங்கோ. இறுக்கி ஒட்டினால் வேலை செய்யும், தொங்கலா ஒட்டினால் பாதி வேலை. எவர்சில்வரிலயும் சிலது ஒட்டாது, அதால கடைக்குக் காந்தம் கொண்டு போங்கோ. அடுப்புக் காசோட சட்டிக் காசையும் கூட்டிப் பாக்க வேணும், அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை. மண்சட்டியில மீன்குழம்பு வைக்கிற வீடெண்டால் இன்ஃப்ராரெட் அடுப்பு, அது எந்தச் சட்டியையும் ஏற்கும், ஆனா சூடேறவும் ஆறவும் நேரம் எடுக்கும்.

மலிவு இண்டக்சனைக் குறைச்சு வைச்சால் குறைஞ்ச நெருப்பு வராது. முழு வேகத்தில கொஞ்சம் எரிஞ்சு, நிண்டு, திரும்ப எரியும். பால்கறி திரையிறது அதாலதான். கடையில தண்ணி வைச்சு 300 வாட்டில போட்டுப் பாருங்கோ, கொதிப்பு விட்டுவிட்டு வந்தால் தெரியும்.

அடியில காத்தாடி இருக்கு. உங்கட கடற்காத்து, கரப்பான், பல்லி எல்லாம் அதுக்குள்ளாலதான் போகும். உள்ள இருக்கிற சர்க்கியூட் பலகை சுடுறதுக்குப் பாதிக் காரணம் பல்லி.

வயரிங் கொழும்பு13 | யூன் 16, இரவு 10.50

மிச்சப் பாதி கரண்ட் திரும்பி வருகிற கணம். பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்கு நாட்டையே இருட்டாக்கியதே, அப்படி ஒரு நாளில் முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். கரண்ட் வந்து பத்து நிமிடம் லைட் ஆடாமல் நின்றபிறகு போடுங்கள். இண்டக்சன், மைக்ரோவேவ் இரண்டுக்கும் இது முக்கியம்.

தோசைமா | யூன் 16, இரவு 10.58

குரங்கு கம்பியில, பல்லி அடுப்பில. எங்கட மின்சார சபை மிருகக்காட்சிசாலைக்குக் கீழ வரவேண்டியது.

புதுக்குடித்தனம் | யூன் 18, காலை 7.15

இடையில் ஒரு கேள்வி. கனடாவில் இருந்து அண்ணி வரும்போது விலைகூடின பிளெண்டர் ஒன்றும் மைக்ரோவேவும் கொண்டுவரவா என்று கேட்கிறார்.

வயரிங் கொழும்பு13 | யூன் 18, காலை 7.40

வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே போட்டால் ஒரு செக்கன், பிறகு புகை. வோல்ட் இறக்குகிற ட்ரான்ஸ்போமர் வாங்கலாம், 1000 வாட் பிளெண்டருக்கு 1500 வாட் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். பிளெண்டராவது அப்படி ஓடும். மைக்ரோவேவ் அதற்கும் சரிவராது, அங்கே கரண்ட் செக்கனுக்கு 60 சைக்கிள், இங்கே 50. உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்போமர் சூடேறிப் போகும்.

லண்டன் சாமான் என்றால் அப்படியே செருகலாம், அதே வோல்ட், அதே சதுரமுள். ஜேர்மனி, பிரான்ஸ் சாமானுக்கு வோல்ட் சரி, பிளக்கின் ஏர்த் பக்கவாட்டில் இருக்கும். சாதாரண அடப்டரில் ஏர்த் கிடைக்காது. பிளக்கை வெட்டி 13 அம்பியர் பிளக் பூட்டுங்கள்.

அண்ணியிடம் மேப்பிள் சிரப் கேளுங்கள்.

தோசைமா | யூன் 18, இரவு 8.05

கல் கிரைண்டரை அப்பிடியே விட்டிட்டுப் போக மாட்டன். கிரைண்டர் நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கில சுத்தும், மா சூடாகும். சூடான உழுந்து பொங்காது. கோயம்புத்தூர்க் கல் மெதுவாச் சுத்தி, காத்தை உள்ள வாங்கி அரைக்கும். அதே ஒரு சுண்டு உழுந்துக்குக் கல்லில வாற மா கண்ணுக்கே கூடுதலாத் தெரியும்.

கிரைண்டரிலதான் அரைக்க வேணுமெண்டால்: உழுந்து மூண்டு, நாலு மணித்தியாலம் ஊறட்டும், கடைசி ஒரு மணித்தியாலம் பிரிஜ்ஜுக்குள்ள. ஐஸ் தண்ணி தெளிச்சுத்தான் அரைக்க வேணும். ஒரு சுண்டை மூண்டாப் பிரியுங்கோ. அரை நிமிசம் ஓட்டி, நிப்பாட்டி, வழிச்சு, திரும்ப அரை நிமிசம். ஒரு துளியைத் தண்ணிக் கோப்பைக்குள்ள போட மிதந்தால் போதும். தோசைக்கு இது தாராளம். வடைக்குச் சுமார். இட்லிக்கு எனக்குப் பிடிக்காது.

திருத்துகடை | யூன் 18, இரவு 9.20

இட்லி, தோசை, வடை எண்டு கிழமைக்கு ரெண்டு தரம் அரைக்கிற வீடெண்டால் நான் முதல் சொன்ன வரிசை மாறும். கிரைண்டரில உழுந்து அரைச்சு அரைச்சுத்தான் கனபேர் மோட்டரைச் சுடுறது. அப்பிடி வீட்டுக்கு 550 வாட் கிரைண்டரும் ஒரு 2 லீற்றர் கல் கிரைண்டரும் சேர்ந்து, பெரிய 1000 வாட் கிரைண்டர் ஒண்டைவிட நல்லது. கிரைண்டர் சம்பலுக்கும் தூளுக்கும், கல் மாவுக்கு.

கல் கிரைண்டரில போற சாமான் மூண்டு. பெல்ட் தளரும். நடுத்தண்டுப் புஷ்ஷில (தண்டைப் பிடிக்கிற வளையம்) மா காய்ஞ்சு இறுகும், அதாலதான் அரைச்ச உடன கழுவச் சொல்லுறது. கழுவுற தண்ணி கீழ மோட்டருக்குள்ள போகும், டிரம்மைக் கழட்டித் தொட்டியில கழுவுங்கோ, மெஷினோட சேத்துத் தண்ணி ஊத்தாதேங்கோ.

கிரைண்டரைப் பற்றியும் சொல்லி விடுறன். ஜாருக்குக் கீழ இருக்கிற கப்ளர் உடைஞ்சால் மெஷின் கூடாதெண்டு திட்டாதேங்கோ. மோட்டர் தப்பட்டும் எண்டுதான் அதைப் பிளாஸ்டிக்கில போட்டிருக்கு. மோட்டர்ப் பக்கத்துக் கப்ளர் மோட்டர் சுத்துற திசையிலேயே திருப்பினால்தான் கழரும், மற்றப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். ஓடிக்கொண்டிருக்கேக்க சத்தமில்லாம நிண்டால் அடியில சிவப்புப் பொத்தான் இருக்கும், இருபது நிமிசம் ஆறவிட்டு அமத்துங்கோ. மிளகாய்த்தூள் வறுத்த சூட்டோட போடக் கூடாது, சின்ன ஜாரில பாதிக்கு மேல போடக் கூடாது. ஒரு கிலோ தூளெண்டால் மில்லுக்குக் குடுங்கோ.

புதுக்குடித்தனம் | யூன் 19, இரவு 9.00

தேங்காய்க்கு மின் திருவி வாங்கலாமா?

தோசைமா | யூன் 19, இரவு 9.12

தேங்காய் விக்கிற விலைக்கு ஒரு நாளைக்குப் பாதிதான் திருவப் போறியள், அதுக்கொரு மோட்டரோ? கையால சுத்துற திருவி போதும். ரப்பர் அடி வைச்சு உறிஞ்சிப் பிடிக்கிற வகை டைல்ஸ் தட்டில நிக்கும், ஆனா டைல்ஸ் இடைவெளிக்கு மேல வைச்சால் காத்துப் போய்க் கழரும். முழு டைல்ஸுக்கு நடுவில, ஈரத்துணியால துடைச்சிட்டு வையுங்கோ.

பாலுக்குத் திருவவே வேண்டாம். தேங்காய்ச் சொட்டைச் சின்னத் துண்டா வெட்டி, கிரைண்டரில இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு அடிச்சுப் பிழிஞ்சால் போதும். சம்பலுக்கு மட்டும் திருவல்தான், கிரைண்டரில வெட்டின துண்டு களியாகிடும்.

கணக்குப்பிள்ளை | யூன் 19, இரவு 9.40

ரைஸ் குக்கர் அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடையில் 1.8 லீற்றரைத்தான் கையில் தருவார்கள். அது 180 மில்லி லீற்றர் கப்பில் பத்துக் கப் அரிசிக்கானது. இரண்டு பேருக்கு ஒன்றரைக் கப் போட்டால் அரிசி அடியில் மெல்லிய படையாகப் பரவி, கீழே காய்ந்து பிடிக்கும். 1 லீற்றர் வாங்குங்கள்.

சிவப்பு நாட்டரிசி அரை மணித்தியாலம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டேகால், இரண்டரைத் தண்ணீர். சம்பாவுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைய. அடியில் தண்ணீர் வற்றி வெப்பம் 100ஐத் தாண்டியதும் காந்தம் விட்டு சுவிட்ச் மேலே வரும், அதனால் மணி பார்க்கத் தேவையில்லை. பாத்திரத்தின் வெளி அடியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள், ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் தட்டில் சரியாகப் படாது.

மேல்தட்டு வருகிற மொடல் எடுத்தால் இடியப்பமும் அவிக்கலாம். இரண்டு கப் தண்ணீர், ஆவி வந்தபின் பத்து நிமிடம்.

புதுக்குடித்தனம் | யூன் 28, இரவு 8.45

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிரைண்டரும் (750), 1 லீற்றர் ரைஸ் குக்கரும் எடுத்தோம். கேத்தல் மாமி வீட்டில் பெட்டியோடு கிடந்தது, இரண்டு வருடம் பாவிக்காதது. சதுரப் பொயின்றில் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. கேத்தல் போய்விட்டதா?

வயரிங் கொழும்பு13 | யூன் 28, இரவு 9.05

மற்றச் சாமான் எல்லாம் கழற்றிவிட்டு கேத்தலை மட்டும் போட்டும் விழுகிறதா? விழுந்தால் ஈரம். எலிமெண்ட் குழாய்க்குள் இருக்கிற வெள்ளைத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதனூடாகக் கரண்ட் ஏர்த்துக்குக் கசியும். கொழும்பில் பாவிக்காமல் வைத்த சூடாக்கி எல்லாவற்றுக்கும் வரும் வியாதி. இரண்டு, மூன்று நாள் நல்ல வெயிலில் மூடியைத் திறந்து வையுங்கள், அடித்தட்டையும் கவிழ்த்து வையுங்கள். பிறகு போட்டுப் பாருங்கள். திரும்பவும் விழுந்தால் வேறு வாங்குங்கள். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே கனெக்சன் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம்.

புதுக்குடித்தனம் | யூலை 1, இரவு 7.30

வெயிலில் வைத்தபின் விழவில்லை. மைக்ரோவேவும் எயார் பிரையரும் இப்போதைக்கு இல்லை.

திருத்துகடை | யூலை 1, இரவு 8.10

மைக்ரோவேவ் பிறகு எடுத்தால் ஒண்டு மட்டும்: உள்ள வலப்பக்கச் சுவரில சாம்பல் நிறத்தில மைக்காத் தகடு இருக்கும். அதில எண்ணெய் தெறிச்சுக் கருகினால் பொறி பறக்கும். நிப்பாட்டிப்போட்டுத் தகட்டை மாத்தினால் சரி, பெரிய துண்டா வாங்கிக் கத்தரிக்கோலால வெட்டிப் போடலாம். பின்மூடியை மட்டும் கழட்டாதேங்கோ, பிளக்கைக் கழட்டின பிறகும் கப்பாசிட்டரில ஆளைக் கொல்லுற வோல்ட் நிக்கும்.

கிரைண்டர் ஜார் மூண்டையும் இண்டைக்கே சோதியுங்கோ. பாதிக்குத் தண்ணி விட்டு, வெள்ளைக் கடதாசிக்கு மேல கால் மணித்தியாலம் வையுங்கோ. கடதாசி நனைஞ்சால் புஷ் ஒழுகுது, அந்தத் தண்ணி நேரே மோட்டருக்குத்தான் போகும். ஏழு நாளுக்குள்ள கொண்டு போனால் கடைக்காரர் ஜாரை மாத்தித் தருவார், பில்லும் கரண்டிக்காட்டில அடிச்ச சீலும் கையில இருந்தால்.

தோசைமா | யூலை 1, இரவு 8.14

என்ன அண்ணை, கரண்டிக்காட்டோ?

திருத்துகடை | யூலை 1, இரவு 8.15

கரண்டி இல்லை, கரண்டி காட். போன் எழுத்தைத் திருத்துது. உத்தரவாத அட்டை. திகதி போட்டுச் சீல் அடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ.